வார்த்தை தெரியுது, வாக்கியம் வரல

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சீனப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதப் பத்தி தமிழ் ரேடியோல பேச என்ன இருக்குன்னு கூப்பிட்டப்பவே கேட்டேன். சிங்கப்பூர்ல ஸ்கூல்லயும் டியூஷன் சென்டர்லயும் இங்கிலீஷ் எடுக்கற தமிழ் ஆளுங்க எத்தன பேர் இருக்காங்க, அவங்க கிளாஸ்ல உக்காந்திருக்கறது பெரும்பாலும் சீனப் பிள்ளைங்கதான, அதனால பேசுங்கன்னு சொன்னாங்க. சரிதான். அதோட தமிழ் தெரிஞ்ச ஆளுக்கு இந்த விஷயம் சீக்கிரமா பிடிபடும், அது எப்படின்னு போகப் போக உங்களுக்கே தெரியும்.

மொதல்ல எந்தப் பிள்ளைங்கன்னு சொல்லிடறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்ல அதிகமா பேசற மொழி இங்கிலீஷ்னு 48.3 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க, மாண்டரின்னு சொன்னவங்க 29.9 சதவீதம். இங்கிலீஷ் பேசற வீட்டுப் பிள்ளைங்களுக்கு வர்ற பிரச்சன வேற, அவங்கள விட்டுடுவோம். மாண்டரின் மட்டுமே பேசற வீட்டுப் பிள்ளைங்க, அப்புறம் சீனாலேருந்து வந்து வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கான ஏஇஐஎஸ் சேர்க்கைப் பரீட்சை எழுதி நம்ம ஸ்கூல்ல சேரப் பாக்கற பிள்ளைங்க, இவங்களப் பத்திதான் பேசப்போறேன். அந்தப் பரீட்சைல ரெண்டே ரெண்டுதான், இங்கிலீஷ், கணக்கு. கணக்குல பிச்சு உதறிடுவாங்க. இங்கிலீஷ்ல மாட்டிக்குவாங்க.

ஆனா மாட்டிக்கறதுக்குக் காரணம் வார்த்தை தெரியாதது இல்லீங்க. பல பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க, அதனாலதான் மேல மேல வேர்ட் லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ண வைக்கறாங்க. சீனாவுல 2001லேருந்து மூணாம் வகுப்புலயே இங்கிலீஷ் ஆரம்பிச்சிடுது, காலேஜ் போறதுக்கான காவ்காவ் பரீட்சைல பெரும்பாலான மாகாணங்கள்ல 750 மார்க்குல 150 இங்கிலீஷுக்கு, அதுக்குன்னு 3500 வார்த்தை உள்ள பட்டியல வருஷக்கணக்கா உருப்போடுவாங்க. அங்க பசங்க நடுவுல ஒரு பழைய ஜோக்கு உண்டு, ஏ-லேருந்து வரிசையா போற வார்த்தை புக்க தொறந்தா மொதல்ல வர்றதே அபாண்டன், அதாவது கைவிடு, அதப் படிச்ச கையோட புக்கயும் கைவிட்டுடுவாங்களாம்.

இந்த மனப்பாடப் பழக்கம் சோம்பேறித்தனத்துல வந்தது இல்ல, அது சீன மொழிக்குப் பொருத்தமான வழி. சீன எழுத்த வேற எப்படி கத்துக்கறது, பத்து தடவ எழுதணும், டீச்சர் சொல்லச் சொல்ல எழுதற திங்சியே டெஸ்ட்டுல தப்பில்லாம எழுதணும். அங்க ஒரு வார்த்தைய ஒருதரம் கத்துக்கிட்டா வேல முடிஞ்சது, ஏன்னா அது உருவம் மாறாது. போறதுக்கு ‘ச்சூ’ன்னா நேத்து போனாலும் ச்சூ, நாளைக்கு போனாலும் ச்சூ, நான் போனாலும் அவ போனாலும் பத்து பேர் சேந்து போனாலும் ச்சூதான். இங்கிலீஷ்ல கோ, கோஸ், வென்ட், கான், கோயிங்னு அது மாறிக்கிட்டே போகுது, போதாக்குறைக்கு கோ ஆன், கோ ஆஃப், கோ த்ரூன்னு பக்கத்துல நிக்கற சின்ன வார்த்தைய வச்சு அர்த்தமே வேற ஆயிடுது. பட்டியல்ல கோ = ச்சூன்னு படிச்ச பிள்ளைக்கு இதுல பாதி கூட கைக்கு வந்திருக்காது, ஆனா அம்மா அப்பாவுக்கு எல்லாம் வந்துட்ட மாதிரி ஒரு திருப்தி. தொடக்கநிலை முடிவுல எழுதற பிஎஸ்எல்இ பேப்பர்ல கம்ப்ரஹென்ஷன் குளோஸ்னு கோடிட்ட இடம் வரும் பாருங்க, இந்தப் பிள்ளைங்க விழறது அங்கதான், வார்த்தைக்குத் தனியா அர்த்தம் தெரியும், எது எதோட சேரும்னு தெரியாது.

இப்ப இலக்கணத்துக்கு வர்றேன். ‘யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்’னு எழுதினா கவனமில்லன்னு திட்டறாங்க. யோசிச்சுப் பாருங்க, யெஸ்டர்டேன்னு சொல்லியாச்சு, அப்புறம் வினைச்சொல்லு வேற எதுக்கு திரும்ப நேத்துன்னு சொல்லணும்? சீனத்துல அப்படி சொல்ற வழக்கமே இல்ல. ‘ல’ன்னு ஒரு சின்ன சொல்ல சேப்பாங்க, ஆனா அது வேல முடிஞ்சதக் காட்டுமே தவிர இறந்த காலத்தக் காட்டாது. நம்ம பிள்ளைங்க இந்தத் தப்ப அவ்வளவா பண்ணாது, போனேன் போறேன் போவேன்னு தமிழே பழக்கி விட்டுருக்கு. ஹி, ஷி குழப்பமும் அதே கததான். சீனத்துல அவனும் ‘தா’, அவளும் ‘தா’, எழுத்துல வேற வேற ஆனா காதுல ஒண்ணு, எழுத்துல பிரிச்சதே போன நூற்றாண்டு தொடக்கத்துலதான். அதனாலதான் நல்லா படிச்ச பெரியவங்க கூட பேச்சு வேகத்துல ‘மை வைஃப், ஹி இஸ் அ டாக்டர்’னு சொல்லிடுவாங்க, நாம சிரிக்கக்கூடாது.

இதுல பல பேரு கவனிக்காத ஒண்ணு இருக்கு, காது. மாண்டரின்ல ஒரு அசை உயிர்ல முடியும், இல்லன்னா ன், ங், வடக்க சில இடத்துல ர் மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான். ட், க், ஸ், ப் இதுல எல்லாம் எதுவும் முடியாது. இங்கிலீஷ் இலக்கணம் எங்க இருக்கு? வார்த்தையோட வால்லதான் இருக்கு! வாக்ட், கேட்ஸ், ஹெல்ப்ஸ். அந்த வால் சத்தம் பிள்ளை காதுல விழறதே இல்ல, விழாதது வாய்ல வராது, வாய்ல வராதது பேனால எப்படி வரும். இதே இடத்துல நம்மாளுங்க பஸ்ஸு, புக்கு, கப்புன்னு ஒரு உகரத்த ஒட்டி சமாளிச்சுக்குவோம், அவங்க பல நேரம் வாலையே வெட்டிடுவாங்க. அதனால எழுத்துல எஸ் விட்டுட்டா, ஈடி விட்டுட்டான்னு செவப்பு மை அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வரிய வாய் விட்டு படிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கத்த மெதுவா, கடைசி மெய்யெழுத்து வரைக்கும் கேக்கற மாதிரி படிக்கறது பத்து வொர்க்ஷீட்டுக்கு மேல பலன் தரும், இது என் அனுபவம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஒரே நேரத்துல எல்லாத் தப்பையும் திருத்தாதீங்க. காலம் காட்டறத மட்டும் சில வாரம் பாருங்க, மத்தத பாத்தும் பாக்காத மாதிரி விடுங்க. ஆல்தோவும் பட்டும் ஒரே வாக்கியத்துல போடுவாங்க, பிகாஸும் ஸோவும் ஜோடியா வரும், சீனத்துல அது ஜோடியாத்தான் வரணும், இத ஒருதரம் எடுத்துச் சொன்னா போதும், விட்டுடுவாங்க. பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற அ, தி மட்டும் கடைசி வரைக்கும் படுத்தும். அது சீனத்துலயும் இல்ல தமிழ்லயும் இல்ல, விதி சொல்லிக் குடுத்து வந்த ஆள நான் பாத்தது இல்ல, படிக்கப் படிக்கத்தான் வரும்.

தமிழும் சீனமும் ஒண்ணா நிக்கற இடத்த இப்ப சொல்றேன். ‘நேத்து நான் கடையில வாங்கின புத்தகம்’னு நாம சொல்றோம் இல்லியா, சீனத்துலயும் இதே வரிசதான், நான் நேத்து கடையில வாங்கினது எல்லாம் முன்னாடி வரும், புத்தகம் கடைசில வரும். நம்ம ரெண்டு மொழியும் பெட்டியெல்லாம் முன்னால போய் எஞ்சின் பின்னாலேருந்து தள்ளற ரயிலு, இங்கிலீஷ்ல எஞ்சின் முன்னால. ‘தி புக் தட் ஐ பாட் அட் தி ஷாப் யெஸ்டர்டே’ன்னு புத்தகம் மொதல்லயே வந்துடுது, அப்புறம்தான் மத்ததெல்லாம். சின்ன வாக்கியத்துல இது தெரியாது. காம்ப்ரிஹென்ஷன் பத்தில ‘தி மேன் ஹூ ஹேட் ஸ்டோலன் தி பைசைக்கிள் ஃப்ரம் தி ஓல்ட் உமன் ரேன் அவே’ன்னு வந்தா பிள்ளை ‘ஓல்ட் உமன் ரேன் அவே’ன்னு படிச்சிட்டு கிழவி ஓடிப்போயிட்டான்னு பதில் எழுதும், ஒரு வார்த்தைக்குக் கூட அர்த்தம் தெரியாம இல்ல! இதுக்கு வழி சுலபம்தான், ஹூ, விச், தட் வர்ற இடத்துல பென்சிலால ஒரு அடைப்பு தொறக்கச் சொல்லுங்க, அந்தத் துணுக்கு முடியற இடத்துல மூடச் சொல்லுங்க, அடைப்புக்குள்ள இருக்கறத விட்டுட்டு மிச்சத்தப் படிச்சா யார் ஓடினான்னு தெரிஞ்சிடும். சீனத்துல இந்தத் துணுக்கு முன்னாடி வரும் இங்க பின்னாடி வருதுன்னு ஒரு தடவ பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டிட்டா பெரிய பிள்ளைங்க முகத்துலயே தெரியும், ஓ இவ்வளவுதானான்னு.

இன்னொண்ணு. ‘டோன்ட் யூ லைக் இட்?’னு கேட்டா ‘யெஸ்’னு சொல்லிட்டு தட்ட தள்ளி வச்சிடுவாங்க. ‘உனக்குப் பிடிக்கலையா?’ன்னா நாம ‘ஆமா, பிடிக்கல’ன்னு சொல்றோம் இல்ல, அதேதான்.

வார்த்தை வளக்கறதுக்கு பட்டியல் வேணாம்னா என்னதான் வழின்னு கேப்பீங்க. சீன வார்த்தைங்க கட்டப்பட்ட விதம் ரொம்ப வெளிப்படை, போன்னா மின்-பேச்சு, சினிமான்னா மின்-நிழல், கம்ப்யூட்டர்னா மின்-மூளை, லிஃப்டுன்னா மின்-ஏணி. மாசமும் ஒண்ணாம் மாசம், ரெண்டாம் மாசம்தான். பன்னிக் கறிக்குப் பேரு பன்னிக் கறிதான், போர்க்குன்னு புதுசா ஒண்ணு கிடையாது. இப்படிப்பட்ட மொழிலேருந்து வர்ற பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொண்ணும் சம்பந்தமே இல்லாத எழுத்துக் குவியலாத் தெரியும். ஆனா உள்ளுக்குள்ள பிரிச்சுப் பாக்கற பழக்கம் அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, ஒரு எழுத்துல இடது பக்கம் மூணு துளி இருந்தா அது தண்ணி சம்பந்தப்பட்டதுன்னு சின்னப் பிள்ளைக்கே தெரியும், ஆறு, ஏரி, கடல் எல்லாத்துலயும் அது இருக்கு. அந்தப் பழக்கத்த அப்படியே இங்க திருப்பி விடுங்க. போர்ட்னா சுமக்கறது, இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டபிள். ஸ்பெக்ட்னா பாக்கறது, இன்ஸ்பெக்டர், ஸ்பெக்டேட்டர். உயர்நிலைப் பிள்ளைங்க இத விளையாட்டு மாதிரி பிடிச்சுக்குவாங்க. தொடக்கநிலைல ரொம்ப வேணாம்.

மிச்சமெல்லாம் படிப்புதான், அதுவும் சுலபமான படிப்பு. வார்த்தை கத்துக்கறதப் பத்தி ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ண பால் நேஷன்னு நியூசிலாந்து பேராசிரியர் ஒருத்தர் இருக்கார், யார் துணையும் இல்லாம ஒரு பக்கத்தப் படிச்சுப் புரிஞ்சுக்கணும்னா அதுல 98 சதவீத வார்த்தை தெரிஞ்சிருக்கணும்னு கணக்கு வச்சு, நியூஸ் பேப்பர், நாவல் மாதிரி எழுத்துக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (கோ, கோஸ், வென்ட் எல்லாம் சேந்து ஒரு குடும்பம்) வேணும்னு 2006ல எழுதினார். 98னா நூறு வார்த்தைக்கு ரெண்டு தெரியாம இருக்கலாம். நம்ம டியூஷன்ல குடுக்கற பத்தில நூத்துக்கு பதினஞ்சு தெரியாது, பிள்ளை போன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப தட்டித் தட்டி ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல சீன எழுத்து எழுதி வச்சிருக்கும், அப்புறம் அது படிக்கறது அந்த சீன எழுத்தத்தான். பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எட்டு வயசு புக்கு குடுத்தா அவமானமா நெனைக்கும், அதுக்குத்தான் கதை பெரியவங்களுக்கு, மொழி சுலபம்னு படிநிலை போட்ட கிரேடட் ரீடர் புக்குங்க இருக்கு, நூலகத்துல கேட்டுப் பாருங்க. அதுல கேள்வி கேக்காதீங்க, வொர்க்ஷீட் ஒட்டாதீங்க, முடிச்சா அடுத்தத எடுத்துக் குடுங்க.

இத செய்ய பெற்றோருக்கு பொறுமை வராது, எனக்குத் தெரியும். அவங்களுக்கு குட் ஃப்ரேசஸ், அதாவது உருப்போட்டு எழுதற அலங்காரத் தொடர் வேணும். நாலெழுத்து மரபுத்தொடர கட்டுரைல கோத்தா சீனத்துல மார்க் ஏறும், அதே நெனப்புல இங்கயும் ஒரு நோட்டு நெறைய அலங்காரம் சேத்து வச்சு எல்லா இங்கிலீஷ் கட்டுரைலயும் பொன் கதிர் வீச வானம் பளிங்கா ஜொலிக்கும், கத தீ விபத்தா இருந்தாலும் சரி. எனக்கு அந்த நோட்ட பாத்தாலே அலுப்பா இருக்கும்.

கடைசியா, வீட்ல சீனம் பேசறத நிறுத்தணுமான்னு கேக்கறாங்க. வேணவே வேணாம். கதைல அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான்னு கேள்வி, பிள்ளை முழிக்குதுன்னா அதே கேள்விய அம்மாவ விட்டு சீனத்துல கேக்கச் சொல்லுங்க. சீனத்துல டக்குனு பதில் வந்தா இங்கிலீஷ்தான் குறை, வாக்கியத்த எடுத்துக் குடுத்தா போதும். சீனத்துலயும் முழிச்சா கத படிச்சு யோசிக்கற பழக்கமே இன்னும் வரல, அந்தப் பிள்ளைக்கு ராத்திரி சீனக் கத புக்க படிச்சுக் காட்டச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டு, கிராமர் புக்க கொஞ்ச நாள் மூடி வைங்க. இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றிங்க, வணக்கம்.