பலர் பார்க்கப் படிப்பது

(நூலக வார விழாவையொட்டி, கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் தேநீர்க் கடையிலும், பலர் பார்க்க அமர்ந்து புத்தகம் படிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு கப்பன் பூங்காவில் வார இறுதியில் இளைஞர்கள் புல்தரையில் விரிப்பிட்டு அமர்ந்து, அவரவர் நூலை அமைதியாகப் படிக்கத் தொடங்கினார்கள். அவ்வழக்கம் சென்னை உள்ளிட்ட பல நகரங்களுக்கும் பரவியது. அம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அதை இந்த மண்ணுக்கே புதிதாக வந்த ஒன்றைப் போலச் சிலர் பேசுவதை ஏற்க இயலவில்லை. நம்மவர்கள் நெடுங்காலம் பொது இடத்தில்தான் படித்தார்கள். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதே நமக்குப் பின்னால் வந்தது.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படிப்பதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒருவர் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமாகிய வில்லிபாரதத்தின் பாடலைப் படிக்க, பிரசங்கியார் அதற்குப் பொருள் விரித்துச் சொல்ல, பாயும் தலையணையுமாக வந்த ஊர்மக்கள் பொழுது போவது தெரியாமல் கேட்பார்கள். கோயிலுக்கு வெளியேயும் இது நடந்தது. சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்கள், மங்கலான விளக்கொளியிலும், அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியவரும் படிக்கத்தக்க அளவில் அச்சிடப்பட்டிருந்தன. தெருவில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். நல்லதங்காள் கதையை அவர் திண்ணையில் அமர்ந்து இராகம் போட்டுப் படிக்க, ஓரெழுத்தும் அறியாத மூதாட்டி கண்ணீர் விட்டுக் கேட்பார், மறுநாள் அதே கதையைக் களை பறிக்கும் இடத்தில் மற்றவர்களுக்குச் சொல்வார். ஒரு பிரதி ஒரு தெருவுக்கே பயன்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் இலக்கியத்துக்குள் சேர்த்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை நாம் இன்னும் போதிய அளவு பெருமையோடு நினைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு அரசியல் வந்தது. 1925இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' முதலாகப் பல இதழ்கள் தேநீர்க் கடை, முடிதிருத்தகம், மிதிவண்டிக் கடை ஆகியவற்றின் வழியாகவே எளிய மக்களைச் சென்றடைந்தன. தெருமுனையில் கீற்றுக் கொட்டகை போட்டு, நாலு பலகைகளை அடுக்கி, அதற்குப் படிப்பகம் என்று பெயர் வைத்தார்கள். நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படித்து மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் இடைமறித்து வாதிட்டார்கள். பள்ளிக்கூடம் காணாத எத்தனையோ பேர் மேடையில் நின்று பேசும் துணிவைப் பெற்றது அந்தப் பலகைகளில் அமர்ந்துதான்.

நூலகமும் மக்கள் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றது. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன். அவர் உழைப்பின் பயனாகவே 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம்.

இந்த வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. அந்தத் தேநீர்க் கடைப் பலகையில் பெண் அமரவில்லை. பாரதம் கேட்க வந்தாள், படிப்பகத்துக்குள் வரவில்லை. இன்றும் ஒரு பெண் பூங்காவில் தனியாக அமர்ந்து புத்தகம் படித்தால், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்கும் கண்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் வார இதழும் மாத நாவலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டதற்குக் காரணம், அங்கே அந்தக் கண்கள் இல்லாததுதான். ஆகவே பொது இடத்தில் படிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை. எந்த வேலையும் இல்லாமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல், ஊரின் நடுவே ஒரு மணிநேரம் அமர்ந்திருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதை அது நிலைநாட்டுகிறது.

கைப்பேசியிலும் நூல் படிக்கிறார்களே என்று கேட்கலாம். படிக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவர் படிப்பது அருகில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அச்சிட்ட நூலின் அட்டை எதிரே இருப்பவர் கண்ணில் படுகிறது, "என்ன புத்தகம் அது?" என்ற கேள்வி பிறக்கிறது, தாயின் மடியில் இருக்கும் குழந்தை, வயதில் மூத்த ஒருவர் யாரும் கட்டாயப்படுத்தாமல் படிப்பதைப் பார்க்கிறது. வீட்டில் ஒரு நூலும் இல்லாத பிள்ளை அக்காட்சியை வேறெங்கே காணும்? தூத்துக்குடியில் முடிதிருத்தகம் நடத்தும் ஒருவர் தம் கடையில் நூலகம் அமைத்து, காத்திருக்கும் நேரத்தில் படிப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார். காத்திருக்கும் இடமே படிக்கும் இடம் என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார்.

படிக்கச் சொல்லி அறிவுரை கூறுவதைவிட, படிக்க முடிகிற இடத்தை உண்டாக்குவதே நம் வேலை. மாலை ஆறு மணிக்கு மேல் எழுத்துத் தெரியாத அளவுக்கு மங்கிய விளக்கின் கீழே, சாய்மானம் இல்லாத இரும்புக் கம்பியில் அமர்ந்து, ஒலிபெருக்கி விளம்பரத்தைக் கேட்டுக்கொண்டு யாரால் படிக்க இயலும்? எனவே வாசகர் வட்டத்தார் மூன்று தீர்மானங்களை இன்றே நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தில் நல்ல விளக்கும், சாய்ந்து அமரும் இருக்கைகளும் கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் கொடுப்போம். நம் அடுத்த மாதக் கூட்டத்தை இந்த அறையில் நடத்தாமல் பூங்காவில் நடத்துவோம். அங்கே முதலில் பேச வேண்டியவரை நம் மகளிர் உறுப்பினர்களிலிருந்து இப்போதே தேர்ந்தெடுப்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் நூலகரிடம் உள்ள பதிவேட்டில் எழுதலாம்.