சீசர் விழுந்த இடத்தில் பூனைகள்

ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது எங்கே என்று கேட்டால், பலரும் ரோமன் ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்) என்றுதான் சொல்வார்கள். அங்கே இல்லைங்க. செனட் சபையின் வழக்கமான கட்டிடத்தில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்ததால், தளபதி பாம்பி கட்டிய மண்டபத்தில் கூடினார்கள், கி.மு. 44 மார்ச் 15 அன்று கத்திகள் பாய்ந்தது அங்கேதான். அந்த மண்டபத்து அடித்தளத்தில் ஒரு துண்டு, இன்றைய ரோம் நகரத்தில் லார்கோ டி டோர்ரே அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில், சாலை மட்டத்துக்குக் கீழே நான்கு கோயில்களின் முதுகுப்பக்கம் கிடக்கிறது. (அர்ஜென்டினா நாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

1920களில் புதுக் கட்டிடங்களுக்காகப் பழைய வீடுகளை இடித்தபோது வெளிவந்த கோயில்கள் இவை. எது எந்தச் சாமிக்கு என்ற வழக்கு இன்னும் முழுசாகத் தீராததால், பள்ளிக்கூட வகுப்புப் பிரிவு மாதிரி ஏ, பி, சி, டி என்றே அழைக்கிறார்கள். வட்டமான பி மட்டும் 'இந்த நாளின் அதிர்ஷ்டம்' என்ற தேவதைக்கு என்பார்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கு மட்டும்! கி.மு. 101 போர் வெற்றிக்காக கட்டுலுஸ் என்ற தளபதி நேர்ந்துகொண்டது. அவளுடைய பிரம்மாண்டமான பளிங்குத் தலை இப்போது ஒரு பழைய மின்நிலையத்தில் இருக்கிறது, அதை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

சரி, பூனைக்கு வருவோம். முறிந்த தூண் ஒன்றின் தலையில், வெயில் விழும் பக்கமாகப் பார்த்து ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை சுருண்டிருக்கும். காது நுனி கொஞ்சம் வெட்டியிருந்தால் கருத்தடை முடிந்தது என்று அடையாளம். இத்தாலியில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருப் பூனையைத் துன்புறுத்தக் கூடாது, கருத்தடை செய்து அதன் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும். சோறு வைத்து, மருந்து போட்டு, கண் போனதையும் கால் போனதையும் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு அங்கே 'கத்தாரே' என்று பெயர், பூனைக்காரிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2012இல் தொல்லியல் துறை, டி கோயிலை ஒட்டி இவர்கள் வைத்திருந்த பூனைக் காப்பகத்துக்கு அனுமதி இல்லை, காலி செய்யுங்கள் என்றது. பெரிய ரகளை. இரண்டாயிரம் வருடக் கல்லுக்குப் பக்கத்தில் யாரும் இஷ்டப்படி சுவர் எழுப்பக் கூடாதுதான், துறை சொன்னதில் நியாயம் உண்டு, இருந்தாலும் நான் பூனைக் கட்சி. கடைசியில் காப்பகம் அங்கேயே நீடித்தது.

2023இல் நடைபாதை போட்டு டிக்கெட் வைத்துவிட்டார்கள், கீழே இறங்கி நடக்கலாம். நான் சொன்ன அந்த அடித்தளத் துண்டைத் தேடிப் பாருங்கள், வெறும் கற்குவியல் மாதிரி இருக்கும். மேலே ஏதாவது படுத்திருந்தால் எழுப்பாதீர்கள்.