கணியம் சொல்லாத வள்ளக்காரர்

(காட்சி: முட்டம் கடற்கரை, விடியற்காலை. வள்ளங்கள் கரையேறுகின்றன.)

குரல்: "மக்கா, மீன்பாடு எப்படி?" கரையில் நிற்பவர் கேட்கிறார். சாளை நிறைய வாரி வந்தவர் தூரத்திலேயே கையைத் தூக்கிக் காட்டுகிறார். மண்ணெண்ணெய்க் காசுகூடத் தேறாதவர் காது கேட்காத மாதிரி போய்விடுகிறார். மூன்றாமவருடைய பெட்டியில் அருமையான நெய்மீன். அவரும் வாயைத் திறக்கவில்லை. கோவில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்பார்த்து, கணியம் வைத்துப் பிடித்த பாரு (மீன் கூடும் கடலடிப் பாறை) அது. சொன்னால் நாளைக்கு அங்கே நாற்பது வள்ளம் நிற்கும்!

பணக்காரர்கள், நிறுவனங்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் தனியார் நிதிகளான ஹெட்ஜ் ஃபண்டுகளும் தங்கள் லாபநட்டத்தைச் சொல்வதில் இப்படித்தான்.

(காட்சி: மாத வருமானப் பட்டியல்.)

அமெரிக்காவில் மியூச்சுவல் ஃபண்ட் தன் என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பை, தினமும் வெளியிட வேண்டும். ஹெட்ஜ் ஃபண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரியவை அங்குள்ள பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசிக்குப் படிவம் பிஎஃப் என்ற அறிக்கை கொடுக்கின்றன, ஆனால் அது ரகசியம். ஹெச்எஃப்ஆர், பார்க்லேஹெட்ஜ் போன்ற தரவு நிறுவனங்களின் பட்டியலுக்கு வருமானக் கணக்குத் தருவதெல்லாம் அவர்களாக விரும்பித் தருவது. எதற்கு? விளம்பரத்துக்கு. 2013 வரை இவர்கள் பொதுவில் விளம்பரமே செய்யக்கூடாது. கடைக்குப் பலகை வைக்க முடியாதவனுக்கு இந்தப் பட்டியல்தான் பலகை.

ரெனசான்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஹெட்ஜ் ஃபண்டான மெடாலியன் 2005 வாக்கில் வெளியார் பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்கு எதற்குப் பலகை?

இனி சூட்சுமத்துக்கு வருவோம். ஒருவர் சொந்தப் பணத்தில் மூன்று சிறிய ஃபண்ட் ஆரம்பிக்கிறார். இரண்டு வருடத்தில் இரண்டு படுத்துவிட, ஒன்று மட்டும் ஏறுகிறது. படுத்ததைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, ஏறியதைப் பட்டியலில் சேர்க்கிறார், பழைய 24 மாத லாபத்தோடு. இதற்குப் பேர் பேக்ஃபில். அந்த மாதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் பட்டியலின் சராசரி இறங்குகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு ஃபண்ட் திடீரென்று கணக்குக் கொடுப்பதை நிறுத்தினால்? நொடித்தும் போயிருக்கலாம், இனிப் புதுப்பணமே வேண்டாம் என்ற அளவுக்கு நிறைந்தும் இருக்கலாம். வெறுங்கையும் நெய்மீனும், பட்டியலில் இரண்டும் ஒரே வெற்றிடம்தான்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது மூன்றாம் வகை ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி). குறைந்தது ஒரு கோடி வேண்டும், ஆகவே நம்மில் பலருக்கு வேடிக்கை மட்டும்தான். 2020இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஓராண்டு தாண்டிய திட்டங்கள் தங்கள் செயல்பாட்டை ஒப்பீட்டுக்குத் தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது.

வளைகுடாவிலிருந்து வந்த அண்ணன் யாராவது வெளிநாட்டு ஃபண்ட் சார்ட் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இதை மட்டும் கேளுங்கள்: "அண்ணே, இதுல எந்த மாசத்துலேருந்து நேரடியாக் கணக்கு குடுத்தாங்க, எது பின்னால சேர்த்தது?"