தண்ணி எங்கிருந்து வருது, ரிப்பேரு ஆரு பாக்கறது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. அறிவியல் கதை எழுதறவன் எப்படி எழுதறான், ஆரையெல்லாம் படிச்சு வளந்தான்னு பேசச் சொல்லி ரேடியோ நிலையத்துல கூப்புட்டாங்க. பல்லடம் பக்கம் தோட்டத்துல உக்காந்துட்டு செவ்வாய் கிரகத்தப் பத்தி எழுதறியே, இதெல்லாம் எங்கிருந்து கண்ணு வருதுன்னு ஒறம்பரைக்கு வர்றவங்களும் கேப்பாங்க, அவங்களுக்கும் சேத்தே சொல்லீர்றனுங்க.

என்னைய எழுத வெச்சது சுஜாதாதான், அதுல சந்தேகமே இல்லீங்க. ஆனந்த விகடன்ல தொடரா வந்த 'என் இனிய இயந்திரா', அதுல வர்ற ஜீனோங்கற எந்திர நாய், அதப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வராமப் படுத்துருந்த பசங்க எங்கூர்லயே நாலஞ்சு பேரு இருந்தோம். அவரு பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல எஞ்சினியரா இருந்தவரு, ஓட்டுப் போடற மெஷின உருவாக்குனதுல முக்கியமான ஆளு. அதனாலதான் அவரு கதையில மெஷின் வந்தா அதுக்கு ஒயர் இருக்கும், சுவிட்சு இருக்கும், கெட்டுப்போறதுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

எங்கப்பாரு மோட்டாருக்குக் காயில் கட்டறவருங்க. பட்டறையில காப்பர் கம்பியும் வார்னிஷ் வாசமுமாத்தான் நான் வளந்தேன். எழுதப் பழகுனது மோட்டார் ரூம்ல. த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது, நடுச்சாமத்துல வந்தாலும் எந்திரிச்சுப் போய் தண்ணி கட்டோணும், வாய்க்கால்ல தண்ணி கடைசிப் பாத்தி போய்ச் சேர்ற வரைக்கும் சும்மா உக்காந்துருக்கோணும், அந்த நேரத்துல நோட்டு எடுத்து எழுதறதுதான். இன்னைக்கும் பகல்ல சுத்துவட்டாரம் பூராத் தறிச்சத்தம், அதனால விடியறதுக்கு முன்னாடிதான் எனக்கு எழுத்து ஓடும்.

ஆக்டேவியா பட்லர்னு அமெரிக்காவுல ஒரு அம்மா இருந்தாங்க, கறுப்பினத்தவங்க, பாத்திரம் கழுவற வேலை, சிப்ஸ் கம்பெனியில நல்லது கெட்டது பொறுக்கற வேலைன்னு கெடைச்ச வேலையெல்லாம் பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எழுதுனவங்க. 1993ல அவங்க ஒரு நாவல் போட்டாங்க, கதை ஆரம்பிக்கறது 2024ல, கலிபோர்னியாவுல மழையே இல்ல, பெட்ரோல விடத் தண்ணி பல மடங்கு வெலை. அதப் படிச்சப்ப எனக்கு அது ஏதோ வெளிநாட்டுக் கதையாத் தோணவே இல்லீங்க. ஆயிரம் அடி தாண்டியும் தண்ணி இல்லாம வெறும் பொகையா வந்த போர்வெல் எத்தனை தோட்டத்துல பாத்துருக்கறோம்.

அதுக்கப்பறம் எந்தக் கதை எழுதுனாலும் மொதல்ல ரெண்டு கேள்விய எழுதி வெச்சுக்குவேன். இந்த ஊருக்குத் தண்ணி எங்கிருந்து வருது? இந்த மெஷின் நின்னு போச்சுன்னா ஆரு ரிப்பேரு பாக்கறது? இது ரெண்டுக்கும் பதில் இல்லாத எதிர்காலத்த என்னால நம்ப முடியறதில்லீங்க.

செவ்வாய்ல போர் போடற கதைய எழுதுனது அப்படித்தான். போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி போகாத ஊரு உண்டுங்களா? வடக்க ராஜஸ்தான், அப்பறம் ஆப்பிரிக்கா வரைக்கும் போறாங்க, மாசக்கணக்கா வண்டியோட கெடந்து, அங்கயே சோறாக்கித் தின்னு, அங்கயே ரிப்பேரு பாத்துட்டு வர்றாங்க. செவ்வாய்க்கு ஒரு டீம் போகோணும்னா இவங்கதான் போகோணும்னு எனக்குத் தோணுச்சு. ஆனா எழுத உக்காந்தா ஒவ்வொண்ணும் எடிக்குது. நம்ம ரிக்கு கம்ப்ரசர் காத்துலதான் ஓடுது, காத்து ராடு வழியா எறங்கி ஹேமர அடிக்க வெக்கும், ஒடைஞ்ச கல்லுப்பொடிய மேல தள்ளறதும் அதே காத்துதான். செவ்வாய்ல காத்தழுத்தம் இங்க இருக்கறதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல! கம்ப்ரசருக்கு இழுக்கறதுக்கே காத்துப் பத்தாது. இந்த ஒரு சிக்கலுக்காகவே நாலு அத்தியாயம் மாத்தி எழுதுனேன்.

நாசாவோட இன்சைட் விண்கலம் 2018ல செவ்வாய்ல எறங்குச்சு. தானே அடிச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள எறங்கற ஆணி மாதிரி ஒரு கருவி அதுல இருந்துச்சு, அஞ்சு மீட்டர் ஆழம் போய் உள்சூட்ட அளக்கறதுதான் திட்டம். அது அரை மீட்டர் கூட எறங்குல. அடிச்சா எதிர்ப்பக்கம் எகிறாம இருக்க சுத்தி இருக்கற மண்ணு இறுக்கிப் புடிக்கோணும், அந்த மண்ணு புடிப்புக் குடுக்குல. ரெண்டு வருசம் போராடிட்டு 2021 ஜனவரியில விட்டுட்டாங்க. இத நான் திருச்செங்கோட்டுல ஒரு ரிக்கு ஓட்டற அண்ணங்கிட்டச் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ரோசனை பண்ணிட்டு, "மண்ணு சரியாம இருக்க எறக்குற கேசிங் பைப்பு, அத எறக்குற எடம் இருந்துச்சுங்களா தம்பி, பொலபொலன்னு மேமண்ணு இருந்தா பாறை வர்ற வரைக்கும் கேசிங் இல்லாம எப்பிடிங்க"ன்னாரு. என் நாவல்ல செவ்வாய்க்குப் போற மேஸ்திரி வாயில மொத வசனமா அதையே வெச்சுட்டேன்.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு இன்னொண்ணும் சொல்லோணும். 1912ல தொடங்குன கரும்பு ஆராய்ச்சி நிலையம் இங்க இருக்குதுல்லீங்களா, அங்க காட்டுல வெளையற பேய்க்கரும்பையும் நல்ல கரும்பையும் ஒட்டுச் சேத்து கோ 205ங்கற ரகத்த 1918ல குடுத்தாங்க. அதே நிலையத்துல தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1930கள்ல கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேத்துப் பாத்தவங்க. வேற வேற சாதிப் பயிர ஒண்ணு சேத்து புதுசா ஒரு உயிர உண்டாக்கறத நம்மூர்ல ஒரு பொம்பளை செஞ்சுருக்காங்க, அத வெச்சு தமிழ்ல ஒரு நாவல் வந்துருக்கோணுமுங்க. நான் எழுதுலீன்னாலும் கேட்டுட்டு இருக்கற யாராவது எழுதுங்க.

இப்ப நான் எழுதிட்டு இருக்கறது நொய்யல் ஆத்தப் பத்தி. பாசனத்துக்குன்னு 1992ல தொறந்த ஒரத்துப்பாளையம் அணையில திருப்பூர் சாயப்பட்டறைகளோட சாயத்தண்ணி தேங்குச்சு, அந்தத் தண்ணிய வெள்ளாமைக்கு வுட முடியாமப் போச்சு. 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு, அதுக்கப்பறம் ஒரு சொட்டுக் கழிவுத் தண்ணியும் வெளிய வுடாத முறைக்கு வந்தாங்க. ஆனா தண்ணியச் சுத்தம் பண்ணுனா உப்பு மிஞ்சும், பலதும் கலந்த அந்த உப்ப எங்கயும் கொட்ட முடியாது, மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சுருக்காங்க. என் கதை 2090ல. அந்த மூட்டைகளக் காவல் காக்கற வேலை ஒரு பொண்ணுக்கு அவ அமுச்சிகிட்ட, அதாவது அம்மாவப் பெத்த பாட்டிகிட்ட, இருந்து வந்துருக்குது. உள்ள என்ன இருக்குதுன்னு எழுதி ஒட்டுன சீட்டெல்லாம் அழிஞ்சு போச்சு, அவ ஒவ்வொரு மூட்டையாப் பிரிச்சு சோதனை பண்ண ஆரம்பிக்கறா. ஏழாவது அத்தியாயத்துல இருக்கேனுங்க. வணக்கமுங்க.