ஹெக்ஸாடெசிமலில் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

அடுத்த கேள்வி. ஹெக்ஸாடெசிமல் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்ணில் 10 முதல் 15 வரையான மதிப்புகளுக்கு வரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளை கேப்பிட்டலில்தான் எழுத வேண்டுமா, ஸ்மால் லெட்டரில் எழுதினால் தப்பா என்று கேட்டிருக்கிறார்கள்.

எண்ணாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எஃப் பெரியதாக இருந்தாலும் 15, சின்னதாக இருந்தாலும் 15. வெப் பக்கத்தில் கலர் கோடு கொடுக்கும்போது எப்படி அடித்தாலும் அதே கலர்தான் வரும். சி மொழியின் பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறிக்குப் பின்னால் சின்ன எக்ஸ் போட்டால் சின்ன எழுத்து, பெரிய எக்ஸ் போட்டால் பெரிய எழுத்து, அவ்வளவுதான்.

ஆனால் அதே எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக வைத்து ஒப்பிட்டீர்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன். ஒரு பெரிய ஃபைலை இறக்கிவிட்டு, அதன் ஷா-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹெக்ஸாடெசிமல் எண்) தளத்தில் கொடுத்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்க பைத்தானில் இரண்டு வரி எழுதினேன், பொருந்தவில்லை என்றது, ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் முழுவதையும் இறக்கினேன், அப்போதும் அதே பதில். அப்புறம் 64 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தளத்தில் சின்ன எழுத்தில் கொடுத்திருந்தார்கள், நான் எடுத்தது விண்டோஸ் பவர்ஷெல்லில், அது கேப்பிட்டலில் தரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் பெரிய ஏ 65, சின்ன ஏ 97, அதனால் பைத்தானுக்கு அவை வேறு வேறு எழுத்து. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் லோயர் கேஸுக்கு மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

சில இடங்களில் வழக்கம் என்று ஒன்று உண்டு. இணையத்தில் கணினிகளுக்குத் தரும் ஐபிவி6 முகவரியைச் சின்ன எழுத்தில் எழுதச் சொல்லி 2010-லேயே விதி வந்துவிட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தரும் யூனிகோடு எண்ணைக் கேப்பிட்டலில் எழுதுவார்கள், நம் 'க'வின் எண் 0பி95 என்றால் அதில் பெரிய பி. (தமிழில் பெரிய க, சின்ன க என்று இல்லாமல் போனதே ஒரு நிம்மதி.) மற்றபடி டீமில் ஏற்கெனவே எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள், ஒரே ஃபைலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கலந்தே ஆக வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது, செவன் செக்மெண்ட் டிஸ்ப்ளே (டிஜிட்டல் கடிகாரத்தில் போல ஏழு கோடுகளால் எண் காட்டுவது). அதில் பெரிய பி 8 மாதிரியும் பெரிய டி 0 மாதிரியும் தெரியும் என்பதால் அந்த இரண்டு மட்டும் சின்ன எழுத்து, ஏ, ஈ, எஃப் எல்லாம் பெரிய எழுத்து. கையால் எழுதும்போது எனக்கு நேர் எதிர்: என் சின்ன பி எனக்கே 6 மாதிரி இருக்கும், அதனால் பேப்பரில் மட்டும் கேப்பிட்டல்.