காது மெஷின் வலிக்குதா? கழட்டி டப்பாவுல போட்டுடாதீங்க

மக்களே வணக்கம். கொஞ்சம் திரும்பிக்கிறேன், இங்க பாருங்க, தெரியுதா? காதுக்குப் பின்னாடி குட்டியா ஒண்ணு உக்காந்திருக்கு, அதுலேர்ந்து மெல்லிசா ஒரு வயர் காதுக்குள்ள போகுது. இதைப் போட்ட முதல் மாசம் நான் பட்ட பாடு இருக்கே, சாயங்காலம் ஆனா காதுமடலுக்கு மேல செவசெவன்னு ஆகி தொட்டாலே உயிர் போகும், கழட்டி டப்பாவுல போட்டுட்டு வீட்ல எல்லாரும் பேசுறதுக்கு சும்மா தலையாட்டிட்டு உக்காந்திருப்பேன். புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். சத்தத்துக்குப் பழகணும், சரி, ஆனா வலிக்கு எதுக்குங்க பழகணும்?

கடைசில பாத்தா என் பிரச்சனை அந்த வயரு. நுனில குட்டி ஸ்பீக்கர் இருக்கிற இந்த ரிசீவர் வயர் ஒவ்வொருத்தர் காதுக்கும் வேற வேற நீளத்துல வரும், எனக்குப் போட்டது ஒரு சைஸ் சின்னது. அது பத்தாம மெஷினை முன்னாடி இழுத்துக்கிட்டே இருந்திருக்கு, நாள் பூரா மடலோட மேல் மடிப்புல அழுத்தம். வயரை மாத்த அஞ்சு நிமிஷம் கூட ஆகல! கண்ணாடி முன்னாடி நின்னு நீங்களே பாருங்க, வயர் கன்னத்தோட ஒட்டினாப்ல படுத்திருக்கணும். வளைஞ்சு வெளிய துருத்திட்டு நின்னா நீளம் ஜாஸ்தி, இல்லன்னா நுனி சரியா உள்ள போகல.

நுனில ரப்பர் தொப்பி மாதிரி இருக்கே, அதுதான் டோம், அதுலயும் சைஸ் இருக்கு. பெருசா இருந்தா உள்ள அமுக்கும், சின்னதா இருந்தா ஆடி ஆடி அரிப்பு வரும், கூடவே கீய்ங்னு விசில் வரும். விசில் வருதேன்னு இன்னும் உள்ள திணிக்காதீங்க, நான் திணிச்சு புண்ணாக்கிக்கிட்டவன். போடும்போது இன்னொரு கையால காதை மேலயும் பின்னாலயும் லேசா இழுத்துப் பிடிச்சா ஓட்டை நேராகும், டோம் சுலபமா போய் உக்காரும்.

டோமுக்குப் பதிலா உங்க காதை அச்செடுத்துப் பண்ற மோல்டு போடுறவங்களா இருந்தா, வலிக்குதுன்னு நாலு நாள் கழட்டி வச்சுட்டு, மெஷினை செட் பண்ணிக் குடுக்கிற ஆடியாலஜிஸ்ட்கிட்ட போகாதீங்க. போறதுக்கு முன்னாடி தாங்குற அளவுக்கு கொஞ்ச நேரம் போட்டுட்டே போங்க, செவந்த இடம் அவங்க கண்ணுக்குத் தெரியும், கெட்டி மோல்டா இருந்தா அந்த இடத்தை மட்டும் தேய்ச்சுக் குடுத்துடுவாங்க. மெஷினையும் மோல்டையும் இணைக்கிற ட்யூப் விறைச்சுப் போனாலும் மோல்டை இழுக்கும், மாத்திடுங்க. வழுவழுப்புக்கு வாஸ்லின் தடவாதீங்க, அது ரப்பரைக் கெடுக்கும்.

அப்புறம் இந்த நம்ம குரல்! குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்கும் பாருங்க. நாம பேசுறது எலும்பு வழியாவும் காதுக்குள்ள வருது, சாதாரணமா அதுல இருக்கிற கனமான சத்தம் ஓட்டை வழியா வெளிய போயிடும், நாம அடைச்சு வச்சுட்டோமா, உள்ளயே கும்முனு நிக்குது. ஓட்டை இருக்கிற ஓப்பன் டோம் போட்டா, இல்ல மோல்டுல காத்துத் துளையைப் பெருசாக்கினா குறையும். ஆனா காது ரொம்பக் கம்மியா கேக்குறவங்களுக்கு ரொம்பத் திறந்து விட்டா சத்தம் கசிஞ்சு விசில் அடிக்கும், அதனால இதை நீங்களா பண்ணாதீங்க. அதே மாதிரி ஸ்பூன் கீழ விழுந்தா மண்டைக்குள்ள ஆணி அடிக்குதுன்னா அது மெஷின் செட்டிங், எந்தெந்த சத்தம் குத்துதுன்னு எழுதிட்டுப் போங்க, அதிகபட்ச சத்தத்தைக் குறைச்சு வைக்க முடியும்.

கண்ணாடி போடுறவங்க முதல்ல கண்ணாடி, அப்புறம் மெஷின். மாஸ்க் கழட்டுறப்ப பாத்து, வயரோட சேத்து இழுத்துடும், என்னோடது ஒரு தடவை பறந்து போய் கட்டிலுக்கடியில விழுந்துச்சு. பட்ஸ் விட்டுக் குடையாதீங்க, நைட்டு கழட்டி வச்சு காதுக்குக் காத்து படட்டும். சீழோ தண்ணியோ வந்தா டோமை மாத்திட்டு இருக்காம இஎன்டி டாக்டரைப் பாருங்க.

இருங்க... டிங் டிங்னு கேக்குது, உங்களுக்குக் கேக்காது, பேட்டரி தீரப் போகுது எனக்கு. புதுசை இப்பவே ஸ்டிக்கர் உரிச்சு வச்சுடறேன், உரிச்ச உடனே போடக் கூடாது, ரெண்டு மூணு நிமிஷம் காத்து பட்டாதான் இது முழுசா வேலை செய்யும். அதுவரைக்கும் நீங்க என்ன சொன்னாலும் நான் தலையைத்தான் ஆட்டுவேன்.