முட்டையை மிதித்து உள்ளே வருதல்

நண்பர்களே, வடக்கு உகாண்டாவில் அச்சோலி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் வெளியே இருந்து திரும்பியவரை நேரே வீட்டுக்குள் விடமாட்டார்கள். வழியில் வழுவழுப்பான பட்டையுள்ள ஒரு மரக்கிளை, தானியக் குதிரின் மூடியைத் திறக்க உதவும் கவைக்கோல், கூடவே ஒரு கோழிமுட்டை. வந்தவர் முட்டையை மிதித்து உடைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். ஒட்டிவந்த அழுக்கைக் கிளை போக்கும். கவைக்கோல், நீ உண்ட குதிர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லும். முட்டைக்கு வாய் கிடையாது. அது யாரையும் பழித்ததில்லை. பிள்ளைகளைக் கடத்திப் போராளிகளாக்கிய ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையான லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மியிலிருந்து தப்பிவந்த பிள்ளைகளை இப்படித்தான் ஊருக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

அப்படி அழைக்கப்படாத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டொமினிக் ஒங்வென். ஈசல் புறப்படும் காலத்தில் பிறந்தவன் என்பது அந்தப் பெயரின் பொருள். 1987இல் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் படை அவரைப் பிடித்துப் போனபோது வயது ஏறத்தாழ ஒன்பது. தப்பியோடிப் பிடிபட்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகளே அடித்துக் கொல்லவேண்டும் என்பதுதான் காட்டில் முதல் பாடம். வீட்டுக்குத் திரும்பும் வழியை மனத்துக்குள்ளேயே அடைத்துவிடும் தந்திரம் அது.

அந்தச் சிறுவன் வளர்ந்து படைத் தளபதியானார். லுகோடி உட்பட, உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் நான்கு முகாம்கள் 2003, 2004ஆம் ஆண்டுகளில் அந்தப் படையால் தாக்கப்பட்டன. 2015இல் சரணடைந்தவரை, தி ஹேக்கிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 61 குற்றங்களில் குற்றவாளி என்றது. 15 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அதில் அடக்கம். தனக்கு எது செய்யப்பட்டதோ, அதையே.

குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதிருந்த ஒருவரை அந்த நீதிமன்றம் விசாரிக்காது. சட்டத்துக்கு ஒரு பிறந்தநாள் போதும். காட்டில் யார் பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்? நீதிபதிகள் இதைக் காணாமல் இல்லை. அவர் இழந்த பிள்ளைப்பருவத்தைக் கணக்கில் எடுத்துத்தான் ஆயுள் தண்டனையைத் தவிர்த்து 25 ஆண்டுகள் விதித்தார்கள். கசப்பு வேரைக் கரைத்துக் குடித்துப் பகை தீர்க்கும் 'மாத்தோ ஓபுட்' சடங்கையும் கருதவேண்டும் என்று அவர் தரப்புக் கேட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. இப்போது நார்வே நாட்டுச் சிறையில் இருக்கிறார்.

தண்டனை தவறென்று நான் சொல்லமாட்டேன். லுகோடியில் பிள்ளையை இழந்த தாயின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் அதே படையின் மூத்த தளபதிகள் சிலர், 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்தின்கீழ் மன்னிப்புப் பெற்று ஊரில் நடமாடினார்கள். அது எனக்குச் செரிக்கவில்லை.

ஏன் உகாண்டாவுக்குப் போகிறாய் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஈழத்தில் புலிகளும் பின்னர் கருணா அணியும் பிள்ளைகளைச் சேர்த்தது நமக்குத் தெரியாததா? அதை எடுத்தால் இந்த அரங்கம் ஐந்தே நிமிடத்தில் இரண்டாகும். ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் நீவி, வேல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிய தாயைப் போற்றிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறேன்.

வழக்கு, தீர்ப்பு என்று ஆண்களைப் பற்றியே பேசிவிட்டேன். கடத்தப்பட்டவர்களில் சிறுமிகளும் ஏராளம். தளபதிகளுக்கு 'மனைவி' என்று பங்கிடப்பட்டவர்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனக் குழந்தைகளோடு திரும்பினார்கள். தாய்க்கு முட்டை வைத்த வீடுகளில்கூட அந்தக் குழந்தைகளைக் 'கோனியின் பிள்ளை' என்று ஏசினார்கள். அச்சோலி வழக்கத்தில் நிலம் தந்தை வழியில்தான் வரும். தந்தை காட்டில் செத்திருப்பார், அல்லது அவர் உண்மைப் பெயரே தெரியாது. கடத்தப்பட்டபோது, பெற்றோரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பொய்ப்பெயர் சொன்ன பிள்ளைகள் அல்லவா அந்தத் தந்தைமாரும்! மகளுக்கு மணம் முடித்தால் புகுந்த வீட்டில் ஓர் இடம் கிடைத்துவிடும் என்று அந்தத் தாய்மார்கள் நம்புகிறார்கள். மகன் வளர்ந்து, என் நிலம் எங்கே அம்மா என்று கேட்கும்போது கைகாட்ட ஓர் அடி மண் இல்லாமல், குலு நகரத்து வாடகை அறைகளில் இருக்கிறார்கள்.